புது .22 ரைஃபிள்: ஒரு குரூப் கச்சிதம், அடுத்தது சிதறல். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஹூஸ்டன்காரன்:

வணக்கம். ரைஃபிள் சிஇசட் 457 வார்மின்ட் எம்டிஆர், .22 எல்ஆர், 20.5 இன்ச் கனத்த பேரல், மரக் கட்டை (தோளில் ஊன்றும் ஸ்டாக்). மேலே 4-16 ஸ்கோப், பக்கவாட்டில் பேரலாக்ஸ் குமிழ் உண்டு, ஒரு கிளிக் கால் எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகள், ரிசீவரின் (பேரலும் போல்ட்டும் சேரும் நடு உடல்) டவ்டெயிலில் (சரிவான பள்ளம்) நேரே கவ்வுகிற வகை, தனியாக வாங்கியது. முன்னால் பைபாட் (இரு கால் தாங்கி), பின்னால் அரிசி நிரப்பிய சாக்ஸ். ரேஞ்ச் மேஜை கான்கிரீட்.

பெட்டியிலிருந்து எடுத்து பேரலில் இரண்டு பேட்ச் (சிறு துணி) விட்டுத் துடைத்ததோடு சரி. 50 யார்டில் 40 கிரெய்ன் (குண்டின் எடை) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (ஒலியைவிட மெதுவான) தோட்டா, ஒரே பெட்டி, ஐந்து ஐந்தாக ஆறு குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைக் கூட்டம்). மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம், இன்ச்சில்: 0.38, 0.91, 0.47, 1.12, 0.55, 0.84.

பெரிய குரூப்களில் ஐந்தும் பரவிப் போகவில்லை. மூன்று ஓரிடத்தில் கூடி நிற்கிறது, மீதி இரண்டு இடது பக்கம் முக்கால் இன்ச் தள்ளி நிற்கிறது. அன்று காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை, இலை அசைந்தது அவ்வளவுதான். அதிவேக பல்க் (மொத்தமாக அடைத்த) தோட்டா டப்பா ஒன்றும் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை இன்ச்சுக்குக் கீழே வரவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் கேள்விகள்: பேரல் பழக 200 ரவுண்ட் (தோட்டா) போக வேண்டும் என்கிறார்கள், உண்மையா? கட்டையின் திருகு எவ்வளவு இறுக்கம்? எத்தனை குரூப் சுட்டால் முடிவை நம்பலாம்? டியூனர் (பேரல் முனையில் மாட்டி அதிர்வைத் திருத்தும் எடை) வாங்கிப் போட்டால் சரியாகுமா?

---

மேஜைவாத்தியார்:

டியூனரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. அது கடைசி 5 சதவீதத்துக்கு. உங்களுக்கு முதல் 50 சதவீதமே இன்னும் தெளிவாகவில்லை.

இரண்டு கும்பலாகப் பிரிந்து விழுந்தால் முதலில் தேட வேண்டியது எதையாவது தளர்வாக விட்டிருக்கிறோமா என்று. பேரலோ தோட்டாவோ மோசமாக இருந்தால் குண்டுகள் வட்டமாகப் பரவும். ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தால்தான் இப்படி இரண்டு கூடு கட்டும். ரிங், ரிங்கின் கவ்வி, கட்டைத் திருகு, ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் ரெட்டிகிள் (குறுக்குக்கோடு) குழல் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டை (பின்பக்கத்தை மூடும் உருளை) வெளியே எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் எந்தத் திருகையும் தொட வேண்டும்.

ஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள். சிஇசட் 457 ரிசீவரில் இருப்பது 11 மில்லிமீட்டர் டவ்டெயில். அமெரிக்காவில் .22க்கு என்று விற்கும் ரிங்குகளில் பல, 3/8 இன்ச் பள்ளத்துக்குச் செய்தவை. அது 9.5 மில்லிமீட்டர். சில ரிங்குகள் இரண்டிலும் உட்காரும். சில உட்கார்ந்த மாதிரி காட்டிவிட்டு ஒரு விளிம்பில் மட்டும் கடித்திருக்கும். ஸ்கோப்பை முழுதாகக் கழற்றி, ரிங்கின் கீழ்ப்பாதியை மட்டும் டவ்டெயிலில் மாட்டி இறுக்கி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கவ்வியின் இரண்டு பக்கமும் சரிவோடு முழுக்கப் படிந்திருக்க வேண்டும், நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தொழிற்சாலை எண்ணெய் பள்ளத்தில் இருந்தால் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

மேல்பாதித் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் (இறுக்க விசையின் அளவு) போதும். ரிங் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். குறுக்கே மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று இறுக்கினால் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும். மேல்திருகில் லாக்டைட் (திருகுப் பசை) வேண்டாம். ஈரத்தில் மரை வழுக்கி, அதே டார்க் (இறுக்க) எண்ணுக்கு அதிக இறுக்கம் ஏறிவிடும், ஸ்கோப் குழலில் பள்ளம் விழும். எல்லாம் முடிந்ததும் ரிங்கும் டவ்டெயிலும் சேரும் இடத்தில் நகப்பூச்சில் முடி அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். ஐம்பது ரவுண்டுக்குப் பிறகு அந்தக் கோடு உடைந்திருந்தால் ரிங் நகர்ந்திருக்கிறது.

அடுத்தது கட்டை. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, முன்முனையிலிருந்து ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே உரசுகிறது. மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப நகரும், ஹூஸ்டன் காற்றில் கேட்கவே வேண்டாம். தாள் தாராளமாகப் போகவில்லை என்றால் உருளைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, தேய்த்த மரத்துக்கு மெழுகோ வார்னிஷோ பூசிவிடுங்கள். பச்சையாக விட்டால் ஈரம் குடித்து மறுபடி ஊதும்.

திருகு இறுக்கத்துக்கு எல்லா ரைஃபிளுக்கும் பொதுவான மந்திர எண் கிடையாது. மரக் கட்டைக்கு 15லிருந்து 30 இன்ச்-பவுண்ட் வரை, அதாவது 1.7லிருந்து 3.4 நியூட்டன்-மீட்டர் வரை தேடலாம். ரைஃபிளை நிமிர்த்திப் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, ரிசீவர் தன் எடையிலேயே பின்னால் போய் உட்காரட்டும். பிறகு முன் திருகு, அதன்பின் பின் திருகு. இப்போது ஒரு சோதனை: கட்டையின் முன்முனையும் பேரலும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, முன் திருகை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள். பேரல் எழும்பி இறங்குவது விரலுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் ரிசீவர் கட்டையில் சமமாக உட்காரவில்லை, திருகுதான் அதை வளைத்துப் பிடித்திருக்கிறது. அதற்கு மருந்து பெடிங் (ரிசீவர் உட்காரும் இடத்தைப் பிசின் ஊற்றிச் சமமாக்குவது). டார்க் எண்ணை மாற்றி மாற்றித் தேடுவதில் பயனில்லை.

457இல் பேரலைக் கழற்றி மாற்றலாம். ரிசீவரின் முன்பகுதியில் இரண்டு சிறு திருகுகள் பேரலைப் பிடித்திருக்கும். புதிய ரைஃபிளில் அவை தளர்வாக இருப்பது அபூர்வம். ஆனால் கட்டையைக் கழற்றும்போது ஆலன் கீ வைத்து அசைவு உண்டா என்று பார்க்கப் பத்து நொடிதான் ஆகும்.

மேஜையைப் பற்றி. கான்கிரீட்டில் பைபாட் கால் துள்ளும், அடியில் பழைய கார்ப்பெட் துண்டு போடுங்கள். அரிசி சாக்ஸ் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் அமுங்கும், மணலோ பிளாஸ்டிக் மணியோ நிரப்பிய பை வாங்குங்கள். சோதனை நாளில் பைபாடையே கழற்றிவிட்டு முன்னாலும் பை வைப்பது உத்தமம். ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடம் பையில் உட்கார வேண்டும், அதற்கு மறைப்பு நாடாவால் ஓர் அடையாளம் ஒட்டுங்கள். பேரல் பையில் படவே கூடாது.

பேரலாக்ஸ் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ரைஃபிள் பையில் அசையாமல் இருக்க, தலையை மட்டும் இடம் வலம் ஆட்டுங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் குமிழைத் திருப்பி, நகராத இடத்தில் நிறுத்துங்கள். 50 என்று எழுதிய இடம் உண்மையில் 60ஆக இருப்பது வெகு சகஜம்.

---

கணக்குப்பிள்ளை:

எண்களைக் கொஞ்சம் பார்க்கலாம் ப்ரோ. ஆறு குரூப்பின் சராசரி 0.71 இன்ச். உங்க ரைஃபிள் இப்போதைக்கு 0.71 ரைஃபிள். 0.38 ரைஃபிள்னு வெளியே சொல்லாதீங்க, 1.12ன்னு அழவும் வேண்டாம்.

ஐந்து ஷாட் குரூப்பின் அளவு, ரைஃபிளில் ஒரு குறையும் இல்லேன்னாலும் தானாகவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தோட திட்ட விலக்கம் சராசரியில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, 27 சதவீதம் பக்கத்துல. உங்க எண்களுக்குப் போட்டுப் பார்த்தா 0.29 இன்ச் வருது, சராசரியில் 40 சதவீதம். ஆறு குரூப்பை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதிர்ஷ்டம் மட்டும் காரணம்னா இவ்வளவு ஆட்டம் வராது. வாத்தியார் சொல்ற மாதிரி ஏதோ நகருதுன்னுதான் எண்ணும் சொல்லுது.

எத்தனை குரூப்? ஒரு தோட்டாவுக்கு ஐந்து ஷாட்டில் ஆறு குரூப், மொத்தம் 30 ரவுண்ட். முன்னாடி அழுக்கேற்ற (பேரலில் அந்தத் தோட்டாவோட பூச்சு படிய) 10 ரவுண்ட் தனி. 50 ரவுண்ட் பெட்டியில் மீதி 10 மறுசோதனைக்கு. சராசரியில் இன்னும் பத்து சதவீதம் முன்னே பின்னே தவறு இருக்கும். அதனால 0.50க்கும் 0.54க்கும் நடுவுல வித்தியாசம் கண்டுபிடிச்சேன்னு யாராவது சொன்னா கேட்டுக்கிட்டுப் போயிடுங்க. 0.45க்கும் 0.70க்கும் நடுவுல வித்தியாசம் உண்டு, அது நிஜம்.

மூன்று ஷாட் குரூப் போட்டு யாரும் பெருமையடிச்சா மாற்றிப் பார்க்க: அதே ரைஃபிள் ஐந்து ஷாட்டில் 1 இன்ச் போகும்னா, மூன்றில் 0.79 போகும், பத்தில் 1.24 போகும். எந்தக் குண்டையும் “கை தவறிடுச்சு”ன்னு நீக்காதீங்க. சுடறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லியிருந்தா மட்டும் நீக்கலாம், சுட்ட பிறகு தாளைப் பார்த்துட்டு நீக்கக் கூடாது.

அளக்கும் விதம்: காலிப்பரில் ரொம்பத் தள்ளியிருக்கும் இரண்டு துளையோட வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, ஒரு துளையின் அகலத்தைக் கழிங்க. காகிதத்துல துளை சுருங்கும், .22ன்னு நினைச்சுக் கழிச்சா தப்பு வரும். அதே தாளில் தனியா விழுந்த ஒரு துளையை அளந்து அந்த எண்ணைக் கழிங்க. குறி வைக்கிற புள்ளியும் குண்டு விழற இடமும் ஒண்ணா இருக்க வேண்டாம். ஸ்கோப்பை ஒரு இன்ச் மேலே தள்ளி வச்சா புள்ளி கிழியாம கடைசி ஷாட் வரைக்கும் சுத்தமா இருக்கும். கால் எம்ஓஏ கிளிக் 50 யார்டில் 0.13 இன்ச், அப்ப எட்டு கிளிக்.

இன்னொண்ணு. “இலை அசைந்தது அவ்வளவுதான்”னு எழுதியிருக்கீங்க. இலை சலசலக்கும்னா காற்று மணிக்கு 4லிருந்து 7 மைல். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி .22க்கு 10 மைல் குறுக்குக் காற்று 50 யார்டில் ஏறக்குறைய ஒரு இன்ச் தள்ளும், 5 மைல்னா அரை இன்ச். ஒரு குரூப்பில் இரண்டு ஷாட்டுக்கு மட்டும் காற்று வீசி மூன்றுக்கு நின்னிருந்தா உங்க முக்கால் இன்ச்சில் பெரும்பங்கு அதுவேதான்! சர்வேக்காரங்க கட்டற மெல்லிசு பிளாஸ்டிக் நாடாவை ஒரு அடி வெட்டி, 15 யார்டிலும் 35 யார்டிலும் குச்சியில் கட்டுங்க. நாடா ஒரே மாதிரி தொங்கும்போது மட்டும் சுடுங்க.

---

மீனம்பாக்கம் 50மீ:

நான் போட்டி ரைஃபிள் பக்கம். ஆனால் தோட்டாவுக்கு ரைஃபிள் எந்தப் பக்கம் என்று தெரியாது, அதனால் இரண்டு வார்த்தை.

200 ரவுண்ட் பழக்குவது என்பதில் பாதி உண்மை உண்டு, சொல்லப்படும் காரணம்தான் தவறு. ஈயக் குண்டு எஃகைத் தேய்த்து வழவழப்பாக்குவதில்லை. நடப்பது இதுதான்: .22 குண்டு முழுக்க மெழுகோ எண்ணெயோ பூசி வரும். அந்தப் பூச்சு பேரல் முழுக்க ஒரே சீராகப் படிந்த பிறகுதான் குரூப் நிலைக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரின் பூச்சும் வேறு. ஒரு தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் 10லிருந்து 20 ரவுண்ட் வரை பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு ஏறிக்கொண்டிருக்கும், அந்த ரவுண்டுகளை அளக்காதீர்கள். பெட்டிக்கு ஐந்து என்று நாலு பிராண்டை மாற்றி மாற்றிச் சுட்டு “எதுவும் ஒத்து வரவில்லை” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

வேகம் அடுத்தது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. அதிவேகத் தோட்டாக்கள் 1,200க்கு மேலே புறப்பட்டு, இலக்கை எட்டும் முன்னரே ஒலிவேகத்தைக் கீழிறங்கிக் கடக்கும். கடக்கிற இடத்தில் ஆட்டம் காணும். சிசிஐ ஸ்டாண்டர்ட் 1,070, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் 1,073, எலே டெனெக்ஸ் 1,085. எல்லாம் ஒலிக்குக் கீழேயே பிறந்து கீழேயே முடிபவை. துல்லியத்துக்குச் செய்த தோட்டா ஏறக்குறைய எல்லாமே இந்தப் பட்டைக்குள்தான் இருக்கும். உங்கள் பல்க் டப்பாவைக் கணக்கில் சேர்க்காதது சரி.

அதைவிட முக்கியம் லாட் எண் (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்). பெட்டியின் மேல் மடிப்பில் அச்சிட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட் என்றால் அது வேறு தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். .22இல் பிரைமர் (முதலில் தீப்பற்றும்) கலவை தோட்டாவின் விளிம்புக்குள் சுழற்றிப் படிய வைக்கப்படுகிறது. அது ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால், ஃபயரிங் பின் (விளிம்பை அடிக்கும் ஊசி) எங்கே அடிக்கிறதோ அதற்கேற்ப வேகம் மாறும். விளிம்பின் தடிமன், குண்டைக் கேஸில் (தோட்டாவின் பித்தளை உறை) கவ்வியிருக்கும் பிடி, பூச்சு என எல்லாமே லாட்டுக்கு லாட் கொஞ்சம் நகரும். அதனால்தான் போட்டிக்காரர்கள் சொந்த ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தோட்டா நிறுவனமான லாபுவாவின் அரிசோனா மேசா மையத்துக்கும், எலே தோட்டாச் சோதனை நடக்கும் டெக்சஸ் வின்டர்ஸுக்கும் போகிறார்கள். அங்கே ரைஃபிளை இடுக்கியில் மாட்டி, லாட் லாட்டாகப் போட்டு, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருவார்கள். நீங்கள் டெக்சஸில்தான் இருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர். சென்னையில் லைசன்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள் சோதனையையும் பயிற்சியையும் சேர்த்து அடக்க வேண்டும், கிளப்பில் வந்திறங்கிய லாட்டுதான் நமக்கு லாட்.

எவ்வளவு துல்லியம் போதும் என்பதற்கு ஓர் அளவுகோல். 50 மீட்டர் ஐஎஸ்எஸ்எஃப் (உலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனம்) இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டு விட்டம் 5.6, கோட்டைத் தொட்டாலே பத்து. அப்படியானால் மையத்துக்கு மையம் 16 மில்லிமீட்டர் குரூப் நடுவில் விழுந்தால் அத்தனையும் பத்து. இதை 50 யார்டுக்குச் சுருக்கினால் 0.58 இன்ச். உங்கள் ரைஃபிள் 0.5க்குக் கீழே சராசரி கொடுத்தால், இலக்கைத் தவறவிட்டது நீங்கள், ரைஃபிள் அல்ல. தசமப் புள்ளி எண்ணும் போட்டியில் மட்டும் இது போதாது, அங்கே 0.1 புள்ளிக்கு 0.8 மில்லிமீட்டர்தான் இடம்.

துப்புரவு: சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகப் படியும். அதை மட்டும் 200-250 ரவுண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். பேரலை ஒவ்வொரு முறையும் பளபளவென்று துடைத்தால் மறுபடி 20 ரவுண்ட் வீண்.

---

மேஜைவாத்தியார்:

துப்புரவில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. உங்கள் எம்டிஆரில் இருப்பது மேட்ச் சேம்பர் (போட்டிக்கான இறுக்கமான சேம்பர்), அதில் 200 வரை காத்திருப்பது அதிகம். அங்கே குண்டு வரிப்பள்ளத்தின் (குண்டைச் சுழற்றும் பேரலின் உள்வரிகள்) தொடக்கத்தில் அழுந்தியே உட்காரும். கரி வளையம் மெல்லியதாக இருந்தாலும் குண்டு உள்ளே போகும் அழுத்தம் மாறும். போல்ட்டை மூடும்போது கடைசிச் சிறு தூரத்தில் முன்பைவிடக் கை இறுக்கம் தெரிந்தால், எண்ணிக்கை எதுவானாலும் அன்றே எடுத்துவிடுங்கள். போர் கைடு (துடைக்கும் ராடை நேராகச் செலுத்தும் குழாய்) வைத்து, பின்பக்கமிருந்து, கரி கரைக்கும் திரவம் நனைத்த பேட்ச். பத்து நிமிடம் ஊறட்டும். சேம்பர் பகுதியில் மட்டும் நைலான் பிரஷ் நாலைந்து சுற்று. உலர்ந்த பேட்ச் மூன்று. பேரல் வாயில் பிரஷ்ஷைத் திருப்பி இழுக்காதீர்கள், கிரவுன்தான் (பேரல் வாயின் விளிம்பு) குண்டைக் கடைசியாகத் தொடும் இடம். கிரவுனில் பிசிறு இருக்கிறதா என்று காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், இழை சிக்கினால் தெரிந்துவிடும்.

மேட்ச் சேம்பர் என்பதால் இன்னும் இரண்டு. சிசிஐ ஸ்டிங்கர் அதில் போடக் கூடாது, அதன் கேஸ் சாதாரண .22 எல்ஆரைவிட நீளம். சுடாத ரவுண்டை வெளியே எடுக்கும்போது சில சமயம் குண்டு வரிப்பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டு கேஸ் மட்டும் வரும், பவுடர் ரிசீவருக்குள் கொட்டும். அப்படியானால் அடுத்த ரவுண்டைப் போடவே கூடாது. போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ராடால் குண்டை எடுத்த பிறகுதான் மறுபேச்சு.

---

ஹூஸ்டன்காரன்:

ரிங்தான்! கீழ்ப்பாதியை மாட்டி டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. வலது கவ்வி மேல் விளிம்பில் மட்டும் கடித்திருக்கிறது, கீழே தாள் நுழைகிற இடைவெளி. டவ்டெயிலின் கறுப்புப் பூச்சிலும் ஒரு பக்கம் மட்டும் ஒரு சிறு பளபளப்புக் கீறல். 11 மில்லிமீட்டருக்கே செய்த ரிங் வாங்கி மாற்றினேன். கட்டையில் தாள் தடையில்லாமல் போகிறது. முன் திருகு 20, பின் திருகு 18 இன்ச்-பவுண்டில் நிறுத்தினேன், விரலுக்கு அசைவு தெரியவில்லை.

பழைய தோட்டாவின் அதே லாட், நாடா கட்டி, மணல் பை வைத்து: 0.49, 0.61, 0.44, 0.70, 0.52, 0.58. இரண்டு கூடு போயே போச்சு. இப்போது வேறு வடிவம்: பக்கவாட்டில் கால் இன்ச், மேல்கீழாக அரை இன்ச். நிற்கிற முட்டை மாதிரி. இது எங்கிருந்து வருகிறது?

---

கணக்குப்பிள்ளை:

சராசரி 0.56. சிறிய குரூப்பிலிருந்து பெரியது வரைக்கும் உள்ள இடைவெளியும் 0.74லிருந்து 0.26க்கு இறங்கிடுச்சு. சராசரி குறைஞ்சதைவிட எனக்கு அதுதான் சந்தோஷம்.

மேல்கீழ் நீளம்னா முதல் சந்தேகம் வேகம். 1,070 அடி வேகத்துல புறப்பட்ட குண்டு 50 யார்டு போக ஏறக்குறைய 0.146 நொடி, அதுக்குள்ள விழுற இறக்கம் 4 இன்ச் சொச்சம். வேகம் ஒரு சதவீதம் மாறினா இறக்கம் இரண்டு சதவீதம் மாறும். பெட்டிக்குள்ள வேகமான ரவுண்டுக்கும் மெதுவான ரவுண்டுக்கும் 30 அடி வித்தியாசம்னா 50 யார்டில் 0.23 இன்ச் மேல்கீழ். உங்க அரை இன்ச்சுல பாதிக்கு அது போதும், மீதி ரைஃபிளோடதும் உங்களோடதும். அதே 30 அடி 100 யார்டில் ஒரு இன்ச் ஆயிடும். 50இல் நல்லா இருந்த தோட்டா 100இல் அசிங்கமாகப் போறது அதனாலதான்.

குரோனோகிராஃப் (குண்டோட வேகத்தை அளக்கும் கருவி) கிடைச்சா 20 ரவுண்ட் போட்டுப் பாருங்க. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவுல 30க்குள்ள இருந்தா நல்ல தோட்டா, 60னா பெட்டியை மாத்துங்க. ரேடார் வகையா இருந்தா மேஜை மேலேயே வச்சுக்கலாம். பேரல் முனையில் மாட்டுகிற காந்த வகை இந்த வேலைக்கு ஆகாது, அதோட எடையே குரூப்பை மாத்திடும். ஈயக் குண்டை அது பார்க்கவும் சிரமப்படும்.

---

மீனம்பாக்கம் 50மீ:

குரோனோ இல்லாமலே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சுட்ட கேஸ் பத்தை வரிசையாக வைத்து விளிம்பில் ஃபயரிங் பின் அடித்த பள்ளத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே ஆழம், ஒரே இடமா? சில ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் இருந்தால் போல்ட்டுக்குள் தொழிற்சாலை கிரீஸ் கெட்டியாக இருக்கிறது. பிரித்துத் துடைத்து ஒரே ஒரு சொட்டு லேசான எண்ணெய் போடுங்கள். அடி பலவீனமானால் பிரைமர் ஒரே சீராக எரியாது, வேகம் ஆடும். புது ரைஃபிளில் நான் தோட்டாவைக் குறை சொல்லும் முன் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சூடான சேம்பரில் ரவுண்டைப் போட்டுவிட்டுக் காற்று நிற்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருக்காதீர்கள். பூச்சு இளகி, பவுடரும் சூடேறி, அந்த ஷாட் தனியாகப் போகும். காற்றை முதலில் பாருங்கள், பிறகு ரவுண்டை ஏற்றுங்கள்.

பின்பையும் மேல்கீழுக்குக் காரணம் ஆகும். பையை இடது கையால் பிழிந்து உயரம் சரிசெய்பவர் என்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே பிழிவு வராது. முன்பையின் உயரத்தை மாற்றிக் குறியை ஏறக்குறைய சரிசெய்துவிட்டு, பிழிவைச் சிறு திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். .22 குண்டு மெதுவானது, டிரிகர் இழுத்த பிறகும் பேரலுக்குள் பயணம் பாக்கி இருக்கிறது. குண்டு தாளில் விழுந்ததை ஸ்கோப்பில் பார்க்கும் வரை கன்னத்தைத் தூக்காதீர்கள், விரலை டிரிகரிலிருந்து எடுக்காதீர்கள்.

---

சுருள்வரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், டிரிகர் பற்றி யாரும் சொல்லவில்லை. 457 டிரிகரின் இழுப்பு எடையைக் குறைத்துக்கொள்ளலாம், மேஜையில் குரூப் சுருங்க அது உதவும். குறைத்த பிறகு காலித் துப்பாக்கியில் மூன்று சோதனை: போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள் பத்து முறை, பின்கட்டையை ரப்பர் விரிப்பின் மேல் நாலு இன்ச் உயரத்திலிருந்து தட்டுங்கள், சேஃப்டி போட்டு டிரிகரை இழுத்துவிட்டு சேஃப்டியை எடுங்கள். எதிலாவது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் பாகம்) தானாக விழுந்தால் அதிகம் குறைத்துவிட்டீர்கள், திருப்பி ஏற்றுங்கள். வீட்டில் காலியாக இழுத்துப் பழக சுவரில் திருகு மாட்டும் 4ஆம் நம்பர் பிளாஸ்டிக் பிளக்கைச் சேம்பரில் போடுங்கள், ஃபயரிங் பின் அதில் அடிக்கும், சேம்பர் விளிம்பு தப்பிக்கும்.

ரேஞ்சில் டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் பேரலை இலக்கு நோக்கியே வைத்து 30 நொடி எண்ணிவிட்டுத்தான் போல்ட்டைத் திறப்பது. சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் பேரலுக்குள் பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள். ஈயத் தோட்டாவைத் தொட்ட கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிய பிறகுதான் பக்கோடா.

---

ஹூஸ்டன்காரன்:

ஃபயரிங் பின் பள்ளங்கள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. போல்ட்டைப் பிரித்தேன், கிரீஸ் கொஞ்சம் இருந்தது, துடைத்துவிட்டேன். முன்பை உயரத்தைச் சரிசெய்து, பின்பையை லேசாக மட்டும் பிழிந்தேன்.

வேறு தோட்டா, மேட்ச் வகையில் கீழ்ப்படி. 15 ரவுண்ட் அழுக்கேற்றிய பிறகு: 0.42, 0.35, 0.55, 0.47, 0.38, 0.51. முட்டை ஏறக்குறைய வட்டம் ஆகிவிட்டது. நகப்பூச்சுக் கோடு உடையவில்லை. ஸ்கோப்பையும் சோதித்தேன்: 40 கிளிக் மேலே, 40 வலது, 40 கீழே, 40 இடது. தாளில் விழுந்த சதுரத்தின் பக்கம் 5.2 இன்ச் வந்தது, கடைசிக் குண்டு முதல் குண்டின் துளையைத் தொட்டு விழுந்தது.

கடையில் அதே லாட்டில் இன்னும் ஒன்பது பெட்டிதான் இருக்கிறதாம். அடுத்த லாட் அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். காத்திருக்கட்டுமா?

---

கணக்குப்பிள்ளை:

0.45 சராசரி, 0.85 எம்ஓஏ. இன்னைக்கே கடையை மூடறதுக்கு முன்னாடி ஒன்பதையும் எடுங்க. ஒண்ணை மட்டும் லாட் எண்ணோட தனியா ஒதுக்கி வைங்க. அடுத்த லாட்டைச் சோதிக்கும்போது அதே நாள், அதே காற்றுல பக்கத்துல வச்சுச் சுட்டுப் பார்க்கறதுக்கு.